அஞ்சு டாக்டர் கூடிப் பேசினால் நல்லதா, குழப்பமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய். முதலில் காட்டிய சர்ஜன் உடனே ஆபரேஷன் என்றார். மதுரையில் ஒரு புற்றுநோய் மையத்துக்குப் போனால், அஞ்சு டாக்டர்கள் கூடிப் பேசிவிட்டு முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார்கள். கூடவே ஏதோ ஆராய்ச்சி என்று கையெழுத்தும் கேட்கிறார்கள். அம்மாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று தம்பி குதிக்கிறான். என்ன செய்யட்டும்?
- மேலூர் வாசகி

பதில்: அந்த அஞ்சு பேரை நம்புங்கள் சகோதரி. அவர்கள் கூடிப் பேசுவதற்கு டியூமர் போர்டு என்று பெயர். ஆபரேஷன் செய்கிறவர், கீமோ கொடுக்கிறவர், கரண்ட் வைக்கிறவர், ஸ்கேன் பார்க்கிறவர், சதைப் பரிசோதனை செய்கிறவர் என எல்லாரும் ஒரே ரிப்போர்ட்டை ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே வகை கிடையாது. எடுத்த சதையில், எந்த வகை என்று தெரிய, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று சோதனை செய்திருப்பார்கள், அதையும் கட்டியின் அளவையும் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது முதலில் என்று முடிவு செய்வது. முதலில் கீமோ கொடுத்தால் கட்டி சுருங்கி, சிலருக்கு மார்பை முழுதாக எடுக்காமலே ஆபரேஷன் முடிந்துவிடும். மருந்து கேட்கிறதா இல்லையா என்பதும் கண்ணுக்குத் தெரியும். முதல் சர்ஜன் தப்பாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம், அவர் கையில் அப்போது அத்தனை ரிப்போர்ட்டும் இருந்திருக்காது.

ஒன்று மட்டும் கறாராகக் கேளுங்கள்: "இத்தனை பேரில் நாங்கள் யாரிடம் பேசுவது?" ஒரு டாக்டர் பெயர், ஒரு நர்ஸ் நம்பர், இரண்டையும் ஃபைல் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். கீமோ ஓடும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது, தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். நடுராத்திரி என்றாலும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும், அதற்குத்தான் அந்த நம்பர்.

இனி தம்பிக்கு. தம்பி, உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் ஆராய்ச்சி என்றாலே எலி என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தே சந்தேகத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பரிசோதனை கிடைத்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சம்மதித்து வந்ததால்தான் உலகத்துக்கே அது தெரிந்தது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அதற்காகக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. தமிழில் எழுதிய படிவத்தைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். சும்மா ரத்தமும் தகவலும் சேகரிக்கிற ஆய்வா, புது மருந்தா என்று முதலில் தெளிவாகக் கேட்க வேண்டும். புது மருந்துச் சோதனை என்றால் நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும், சி.டி.ஆர்.ஐ. என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் இருக்க வேண்டும், அந்த மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும், சேரவே மாட்டேன் என்றாலும், வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது.

கையெழுத்து அம்மாவுடையது, உங்களுடையதோ தம்பியுடையதோ இல்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் அவர் காதுபடப் பேசுங்கள். ஆராய்ச்சிப் படிவம் ஒரு வாரம் காத்திருக்கலாம், கீமோ தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.