செயலிகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் சர்வரான ராபிட்எம்கியூவில், ஆக் (சர்வர் தரும் ஒப்புகை) கிடைத்த பிறகும் செய்தி எந்தக் கியூவிலும் (செய்திகள் காத்திருக்கும் வரிசை) இல்லையே, ஏன்?

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், ரவுட்டிங் கீ (செய்தியோடு அனுப்பும் முகவரிச் சொல்) எந்தப் பைண்டிங்கோடும் (கியூவுக்கு வழிகாட்டும் இணைப்பு விதி) பொருந்தாததால் சர்வரே அந்தச் செய்தியைக் கைவிட்டிருக்கும் வாய்ப்புதான் அதிகம். அது கோளாறு அன்று. ராபிட்எம்கியூ பயன்படுத்தும் ஏஎம்கியூபி 0-9-1 என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறைப்படியான நடத்தைதான்.

அந்த நெறிமுறையில் யாரும் கியூவுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவதில்லை. சர்வருக்குள் செய்திகளைப் பிரித்தனுப்பும் எக்ஸ்சேஞ்சிடம் ஒப்படைக்கிறார்கள், அது தன்னோடு இணைந்த பைண்டிங்குகளைப் பார்த்துப் பொருந்தும் கியூக்களில் சேர்க்கிறது. தொடக்கநிலைப் பயிற்சிகளில் கியூவின் பெயரை மட்டும் கொடுத்தாலே செய்தி போய்ச் சேர்வதற்குக் காரணம், பெயரற்ற இயல்புநிலை எக்ஸ்சேஞ்சுடன் ஒவ்வொரு கியூவும் தன் பெயராலேயே இணைக்கப்பட்டிருப்பதுதான். இந்த வசதி இடையில் எக்ஸ்சேஞ்ச் இருப்பதையே மறைத்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குள்ள மனக்குறை.

புள்ளியால் பிரித்த சொற்களை ஒப்பிடும் டாபிக் வகை எக்ஸ்சேஞ்ச் என்றால், பைண்டிங்கில் உள்ள குறிகளைச் சரிபாருங்கள். * சரியாக ஒரு சொல்லுக்கும், # பூஜ்யம் அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களுக்கும் பொருந்தும். ஆகவே 'ஆர்டர்.*' என்ற பைண்டிங் 'ஆர்டர்.ரத்து' என்பதை ஏற்கும்; 'ஆர்டர்.ரத்து.பகுதி' என்பதை ஏற்காது. எக்ஸ்சேஞ்சின் பெயர் தவறானால் 404 பிழையுடன் சேனல் (சர்வருடனான உங்கள் தொடர்புத்தடம்) மூடப்படும், ரவுட்டிங் கீ தவறானாலோ எந்தச் சத்தமும் வராது.

ஆக் ஏன் வந்தது என்பதுதான் பலரையும் குழப்புவது. அனுப்பியவருக்கு இந்த ஆக்கைத் தரும் பப்ளிஷர் கன்ஃபர்ம் என்பது செய்திக்கான பொறுப்பை சர்வர் முடித்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. போக இடமில்லாத செய்தியைப் பொறுத்தவரை, இடமில்லை என்று உறுதியானவுடனேயே அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. மேண்டேட்டரி கொடியை (சேர இடமில்லாவிட்டால் திருப்பி அனுப்பு என்ற குறிப்பு) இட்டு அனுப்பினால், ஆக் வருவதற்கு முன்பே செய்தி உங்களிடம் திரும்பி வரும், ஆனால் அதைப் பெற்றுக்கொள்ளும் நிரலை அனுப்பும் ஒவ்வொரு செயலியிலும் எழுதியிருக்க வேண்டும். அதனால் பாலிசி (சர்வரிலேயே இடும் அமைப்பு விதி) வழியாக, ரவுட்டிங் கீயைப் பார்க்காத ஃபேன்அவுட் வகையில் ஒரு மாற்று எக்ஸ்சேஞ்சை அமைத்து, அதில் ஒரு கியூவை இணைத்து, வழிதவறியவற்றை அங்கே சேர்ப்பதையே நான் விரும்புவேன். ஆனால் மேண்டேட்டரி கொடி, மாற்று எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் சேர்த்து வைத்தால், மாற்று வழியில் கியூவை அடைந்த செய்தியும் சேர்ந்ததாகவே கணக்கிடப்படும், திரும்பி வராது.

பைண்டிங் சரியாகவே இருந்தால் பெறும் பக்கத்தைப் பாருங்கள்: பெறும் செயலியின் ஒப்புகைக்குக் காத்திராத தானியங்கி ஆக் முறையில், செய்தியை அனுப்பியவுடனேயே சர்வர் அதைக் கியூவிலிருந்து நீக்கிவிடும், பெறும் செயலி அதைக் கையாளும் முன்பே செயலிழந்தாலும் சரி.