அறுவைக்குப் பிறகு வீங்கும் கை: அம்மா மறுபடி பீடி சுற்றலாமா?

கேள்வி: முக்கூடல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 54. மார்பகப் புற்றுநோய்க்காக எட்டு மாதங்களுக்கு முன்பு இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். கீமோதெரபி, கதிர்வீச்சு இரண்டும் முடிந்துவிட்டன. இரண்டு வாரமாக இடது கை கனக்கிறது என்கிறார், வளையல் ஏறவில்லை. கையை அசைக்கவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. எண்ணெய் போட்டு நீவ ஆள் கூட்டி வருகிறேன் என்கிறார் அத்தை. மருந்துக் கடையில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவர். இனி சுற்றலாமா?

பதில்: முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படிக் கை வீங்குகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். நிணநீர் வீக்கம் என்று இதைச் சொல்கிறோம். கனம், இறுக்கம், வளையல் ஏறாமை என்று நீங்கள் எழுதியிருப்பது அதன் தொடக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. கை வீங்கியது என்பதற்காக மட்டும் நோய் திரும்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனாலும் அறுவை செய்த மருத்துவர் ஒருமுறை கையையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே போங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் வாரம் வரைகூடக் காத்திருக்காதீர்கள். கை ஒரே நாளில் வீங்கி, வலித்து, நிறம் நீலம் பாரித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலும், விரல்கள் வலுவிழந்து பொருள் நழுவினாலும், தையல் தழும்பின் மேல் சிறு முடிச்சுகள் கிளம்பினாலும் உடனே காட்டுங்கள்.

அந்த நீர் பிரியும் மாத்திரையை, இந்த வீக்கத்துக்கென்று மட்டும் கொடுத்திருந்தால், நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஏன் உதவாது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். கைக்குப் போகும் ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரும் புரதமும்தான் நிணநீர். அது நிணநீர்க் குழாய்கள் வழியாக அக்குளுக்கு வந்து, அங்குள்ள நெறிக்கட்டிகளைக் கடந்து, கழுத்தடியில் திரும்ப ரத்தத்தோடு சேர வேண்டும். நெறிக்கட்டிகளை எடுத்ததில் அந்தப் பாதை பாதி போயிற்று. கதிர்வீச்சு பட்டதில் மீதியும் குறுகியது. பாய்ச்சுகிற கால்வாய் அப்படியே ஓட, வடிகால் தூர்ந்துபோனால் வயல் என்ன ஆகும் என்று தாமிரபரணிக் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை உடம்பிலிருந்து நீரை மட்டும் இறக்கும். கையில் தேங்கிய புரதம் அங்கேயே கிடந்து மறுபடியும் நீரை இழுத்துக்கொள்ளும். நாளாக ஆக அந்தப் புரதமே திசுவைக் கெட்டியாக்கும்.

அதனால்தான் இரண்டு வாரத்திலேயே நீங்கள் எழுதியது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆரம்பத்தில் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழும். இரவு தூங்கி எழுந்தால் கொஞ்சம் வற்றியிருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் கையைப் பெருமளவு பழைய அளவுக்குக் கொண்டுவர முடிகிறது. ஒரு வருடம் போனபின், தோல் தடித்து அழுத்தினாலும் குழி விழாத நிலையில் வருகிறவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு. முற்றிலும் மறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சர்க்கரை நோயைப் போல நாள்தோறும் கவனித்துக் கட்டுக்குள் வைக்க வேண்டிய ஒன்று இது.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை உட்காரவைத்து, கையை மேசை மேல் நீட்டச் சொல்லி, மணிக்கட்டிலும், அங்கிருந்து 10 சென்டிமீட்டர் மேலேயும், முழங்கை மடிப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலேயும் பேனாவால் புள்ளி வையுங்கள். டேப்பை இறுக்காமல் தோலை ஒட்டிச் சுற்றி அளக்க வேண்டும். வலது கையிலும் அப்படியே. ஏதாவது ஓரிடத்தில் இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீக்கம் உறுதி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். அதைவிடக் குறைவாக இருந்து, கனம் மட்டும் இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மருத்துவரிடம் "கொஞ்சம் வீங்கியிருக்கிறது" என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டுவது நூறு மடங்கு பயன் தரும்.

சிகிச்சை என்பது முக்கியமாக அழுத்தம், அசைவு, தோல் பராமரிப்பு மூன்றும்தான். வீக்கம் அதிகம் என்றால் முதலில் சில வாரங்கள், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் விரலிலிருந்து தோள்வரை பல அடுக்காகக் கட்டுப் போடுவார். வற்றியபின், அளவெடுத்து வாங்கிய ஸ்லீவ் என்னும் அழுத்த உறையைப் பகலில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்ப நிலையில் ஸ்லீவ் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கிரேப் பேண்டேஜை நீங்களாகவே இறுக்கிச் சுற்றாதீர்கள். மேலே இறுகிக் கீழே விரல்கள் பொம்மிவிடும். நம் ஊர் வெயிலில் ஸ்லீவ் போட்டால் வேர்த்துக் கசகசக்கும், அது உண்மை. இரண்டு வாங்கி, ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு மாற்றி மாற்றிப் போட்டால் தாங்கிக்கொள்ள முடிகிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும். பிறகு அது வெறும் துணிதான்.

அத்தை கூட்டி வரும் ஆள் வேண்டாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் நொய்ந்த நிணநீர்க் குழாய்கள் இன்னும் சேதப்படும். நிணநீரை வடிக்க ஒரு தடவல் முறை உண்டு. அது தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் அளவுக்கு லேசானது. கற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

மதினி சொன்னதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அன்பினால் சொல்லும் அந்த அறிவுரையால் தோள் இறுகிப்போன பெண்களை நிறையப் பார்க்கிறேன். நிணநீருக்கு இதயம் போன்ற பம்பு கிடையாது. தசை சுருங்கி விரிந்தால்தான் அது நன்றாக நகரும். கையைக் கட்டிப்போட்டால் வீக்கம் கூடுமே தவிரக் குறையாது. பளு தூக்கினால் கை வீங்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பயமுறுத்தினார்கள். ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்களுக்குச் சிறு எடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது. ஆகவே அம்மா தலை சீவட்டும், கொண்டை போடட்டும், கொடியில் துணி காயப்போடட்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் ஏணி ஏறுவதுபோல் கையை மேலே நகர்த்துவது, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி விரிப்பது, இவற்றைக் காலையும் மாலையும் செய்யட்டும். நிறைகுடத்தை இடது இடுப்பில் தூக்குவதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கைவரை ஒரு கயிறு இழுப்பதுபோல் இருக்கிறது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். நரம்பு இழுக்கிறது என்பார்கள். அது இறுகிப்போன நிணநீர்க் குழாய்தான். பயிற்சியால் சில மாதங்களில் இளகிவிடும். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவதும் எரிவதும் வேறு. அக்குளைக் கடந்துபோகும் உணர்ச்சி நரம்பு அறுவையின்போது பட்டதால் வருவது. சிலருக்கு அந்த மரப்பு நிலைத்துவிடும். ஆபத்தில்லை, ஆனால் சூடு பட்டாலும் தெரியாது. அடுப்படியில் கவனம் வேண்டும்.

இந்தக் கைக்கு உண்மையான எதிரி கிருமிதான். தேங்கிய நிணநீரில் ஒரு சின்னக் கீறல் வழியாக நுழைந்தாலும் மளமளவென்று பரவும். கை திடீரென்று சிவந்து, சுட்டு, குளிரும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆண்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் இந்தச் சிவப்பைப் பார்த்ததும் அக்கி என்று முடிவுகட்டி, காவி குழைத்து எழுதப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு நாள் தாமதமே பலரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. அந்த நேரத்தில் கட்டு, ஸ்லீவ், தடவல் எதுவும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். ஒவ்வொரு முறை கிருமி தாக்கும்போதும் மிச்சமிருக்கும் குழாய்களும் கெட்டு, வீக்கம் ஒரு படி ஏறும்.

ஆகவே அரிவாள்மனையில் விரல் பட்டாலும், கொசு கடித்துச் சொறிந்த இடமாக இருந்தாலும், சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். குளித்து முடித்ததும் கையைத் துடைத்து வாசனையில்லாத கிரீமோ தேங்காய் எண்ணெயோ லேசாகப் பூசட்டும். ஊசி, ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் வலது கையை நீட்டட்டும். அவசரத்தில் எப்போதாவது இடது கையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்றால் அதற்காகக் கலங்க வேண்டாம். ஒரு ஊசியால் வீக்கம் வந்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் இனிமேல்தான் அறுவைக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்குளில் நோய் பரவாத நிலையில், முதலில் நிணநீர் வந்து சேரும் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கும் முறை இருக்கிறது. அதில் கை வீங்குவது ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான். எனக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது பீடி. சுற்றலாம், ஆனால் முன்புபோல் முடியாது. சுளவை மடியில் வைத்துக் குனிந்தால் மத்தியானம்வரை நிமிராத வேலை அது. தோள் முன்னால் மடங்கி, முழங்கை உடம்போடு ஒட்டி, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விரல் ஓடுவதால் கைக்குக் கெடுதல் இல்லை. தோள் பூட்டிக்கொள்வதால்தான் கெடுதல். சுளவை ஒரு மணைப்பலகை மேல் உயர்த்தி வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இடது முழங்கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். இரண்டு கட்டு முடிந்ததும், அதாவது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, எழுந்து கையை மேலே தூக்கி விரல்களை மடக்கி விரிக்கட்டும். இலை வெட்டும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்வது நல்லது. வலது கையில் கத்தரி என்றால் இலையைப் பிடிக்கும் இடது விரல்களில்தான் வெட்டுப்படும். ஸ்லீவுக்கு அளவெடுக்கும்போதே ஈர இலையில் புழங்கும் கை என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் நாளுக்கு இருநூறு, முந்நூறு பீடியோடு நிறுத்தி, நோட்டில் அளவைப் பாருங்கள். கூடவில்லை என்றால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றலாம். கூடினால் குறைக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஆயிரம் என்ற பழைய கணக்கை அவர் விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். புகையிலைத் தூளிலிருந்து விலகி இருக்க வேறு வருமானம் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காதவரை வேலையை விடு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் காட்டி, அங்கிருந்து பிசியோதெரபிக்கு எழுதி வாங்கலாம். பயணம் முடியாத நாட்களில், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் வசதி உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். நிணநீர் வீக்கத்துக்குக் கட்டுப் போடப் பழகியவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், நல நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவுக்கு என்ன கிடைக்கும், என்ன படிவம் வேண்டும் என்று அங்கே விசாரியுங்கள். அறுவை முதல் கதிர்வீச்சு வரை எல்லாப் பில்களையும் டிஸ்சார்ஜ் குறிப்பையும் நகல் எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.