ஒரு தடவை சொன்னால் போதும்

கேள்வி: மட்டக்களப்பு, படுவான்கரையில் தரம் 2 படிப்பிக்கும் புது ஆசிரியை நான். எதையும் மூன்று நான்கு தடவை சொன்னால்தான் பிள்ளைகள் செய்கிறார்கள். "சத்தம் போடாதீங்க" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பின்வாங்கில் ஒரு பையன், பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்த பிறகுதான் கொப்பியையே எடுக்கிறான். இவர்களைக் கேட்கப் பழக்குவது எப்படி?
– ஓர் ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: அன்புத் தங்கச்சி, பேசவும் வாசிக்கவும் எழுதவும் பிள்ளைக்குப் படிப்பிக்கிறோம். கேட்பதற்கு மட்டும் "வாயை மூடு" என்று சொல்வதோடு விட்டுவிடுகிறோம். கைகட்டி, வாய்பொத்தி இருக்கிற பிள்ளையின் மனசு வாவிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கலாம். அமைதியான வகுப்பெல்லாம் கேட்கிற வகுப்பு அல்ல.

முதலில், திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்துங்கள். டீச்சர் எப்படியும் மூன்றாம் தரம் சொல்லுவா என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் முதல் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஒரே இடத்தில் போய் நில்லுங்கள். கூத்துத் தாளம்போல ஒரு தாளம் தட்டுங்கள், அவர்கள் அதையே திருப்பித் தட்டட்டும். கை ஓய்ந்ததும், குரலைத் தாழ்த்தி, ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். அந்த வயதுக்கு ஒரு நேரத்தில் இரண்டு வேலை போதும்: "கொப்பியை எடுங்க, திகதியை எழுதுங்க." அப்புறம் "விளங்கினதா?" என்று கேட்கவே வேண்டாம். முழு வகுப்பும் "ஓம் டீச்சர்" என்று ராகம் இழுக்கும், ஒன்றும் விளங்கியிருக்காது. "நான் என்ன சொன்னனான், மகள்?" என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் எடுத்துக்காட்டினார். அதை மூன்று விநாடியாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

கேட்பதற்கென்றே தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது சொல்லச் சொல்ல வரைவது. வெறும் தாள் கொடுத்து, "நடுவில ஒரு தோணி. தோணிக்குள்ள இரண்டு பேர். ஒருவருக்கு மட்டும் தொப்பி. தோணிக்குக் கீழே மூன்று மீன், அதில ஒன்று பெரிசு" என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரே தரம் சொல்லுங்கள். முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேருக்கும் தொப்பி போட்டவர் தன் படத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடிப்பார். நீங்கள் ஏசத் தேவையில்லை. அடுத்த கிழமை ஒரு பிள்ளை சொல்லட்டும், மற்றவர்கள் வரையட்டும், நீங்களும் வரையுங்கள். தெளிவாகச் சொல்லாவிட்டால் கேட்பவர் பாடு என்ன என்பது அப்போது அவர்களுக்கே தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தம் கேட்கும் விளையாட்டும் நல்லது. பாண் ஓட்டோவின் பாட்டு, தகரக் கூரையில் காகம் நடப்பது, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு என்று எல்லாம் வரும். அதற்கு முன்னால், கல்லடியில் நிலாக் காலத்தில் துடுப்பை வாவி நீருக்குள் விட்டு, அதன் மறுநுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கள். கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்?" என்று கேட்க மறக்காதீர்கள்.

இனி அந்தப் பின்வாங்குப் பையன். அவன் விஷயத்தில் இந்த விளையாட்டுகளெல்லாம் இரண்டாம் பட்சம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்வது காது சரியாகக் கேட்காததன் அடையாளமாக இருக்கலாம். தடிமன் பிடித்தபின் நடுக்காதில் நீர் தங்கினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ செவி மந்தமாகும். வலி இல்லாததால் வீட்டிலும் தெரியாமல் போகும். அவனை நாளைக்கே முன்வாங்குக்கு மாற்றுங்கள். முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பெயர் சொல்லிப் பாருங்கள். தாயைக் கூப்பிட்டு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், பக்குவமாகப் பேசுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1க்குப் பிறகு பொதுவாகத் தரம் 4இல்தான் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீங்கள் வகுப்பில் கண்டதை ஒரு துண்டில் எழுதி, தாயின் கையில் கொடுத்துவிடுங்கள். டொக்டருக்கு அது மிகவும் உதவும்.