கேளுங்க, சொல்றோம்: மெட்ராஸ் கட்டடங்கள்

போன இதழில் சென்னைக் கோட்டையின் படம் ஒன்று போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாசம் ஒரு தடவை சேரன் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போறேனுங்க. விடியக்காலை சென்ட்ரலில் இறங்கினால் கடை திறக்கும்வரை சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். பக்கத்தில் நடந்தே பார்க்கிற மாதிரி என்ன இருக்கு?
(திருப்பூர் வாசகர்)

முதலில் சென்ட்ரலையே திரும்பி நின்று பாருங்க. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1873-ல் வந்த நிலையம், ஜார்ஜ் ஹார்டிங் போட்ட வரைபடம். அதை மாற்றி இன்றைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் சிஷோம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, இன்னும் நாலு இடத்தில் வரும்.

அப்புறம் வெளியே வந்து மேற்கே நடங்க. சாலைக்கு நம்ம ஈரோட்டுக்காரர் பெயர்தான், பெரியார் ஈ.வெ.ரா. சாலை. கொஞ்ச தூரத்திலேயே சிவப்பாக விக்டோரியா பப்ளிக் ஹால் வரும், அதுவும் சிஷோம் வரைந்தது. நம்ம கோவை டவுன் ஹாலில் 1892-ல் கட்டின விக்டோரியா ஹால் இருக்கிறதே, அதே ராணி, ஏறக்குறைய அதே காலம். அதை ஒட்டி வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. 1909-ல் அடிக்கல் போட்டு 1913-ல் திறந்தார்கள். வரைந்தது ஹாரிஸ், கட்டி முடித்தது லோகநாத முதலியார், ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். நீளம் 85 மீட்டர், மணிக்கூண்டு 43 மீட்டர் உயரம். ரிப்பன் பிரபு 1882-ல் உள்ளாட்சிக்கு வழி செய்தவர், அதனால் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர். எனக்கென்னவோ ரிப்பன் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். பக்கத்துச் சிவப்புக் கட்டடத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். சேப்பாக்கம், ஹைகோர்ட் எல்லாம் இந்தோ-சாரசெனிக் பாணி, நம்ம பாரம்பரியம் என்கிறாள். வெள்ளைக்காரன் கட்டினது எப்படி நம்முடையது ஆகும் என்று கேட்டால் சண்டைக்கு வருகிறாள். நீங்களே சொல்லுங்க.
(கோபி வாசகி)

ஆளுக்குப் பாதி சரி அம்மணி. ஆனால் நான் மகள் பக்கம்தான் சாய்வேன். இந்தோ-சாரசெனிக் என்றால் முகலாயர் டோமையும் மினாரையும் ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்த பாணி.

சேப்பாக்கம் அரண்மனையை 1768-ல் கட்டிக்கொண்டவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. கட்டித் தந்தவர் பால் பென்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர். இந்தப் பாணியின் முதல் கட்டடங்களில் ஒன்று இதுதான் என்பார்கள். 1855-ல் நவாப் பட்டம் ஒழிந்ததும் அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது, பிறகு சிஷோம் வந்து நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பினார். அவரே கடற்கரையில் 1874-லிருந்து 1879 வரை பல்கலைக்கழகத்துக்கு செனட் ஹவுஸ் கட்டினார். மெட்ராஸிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கட்டடம் அது. 1857 கலகத்துக்குப் பிறகு ராணியின் நேரடி ஆட்சி வந்ததும், தாங்கள் முகலாயர்களுக்கு அடுத்த வாரிசு என்று காட்டிக்கொள்ள இந்த டோமும் மினாரும் அவர்களுக்கு வசதியாகப் போயின. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேரூரும் அவினாசியும் மாதிரி கல்லிலே விளையாடின கோயில்கள் நிறைந்த தெற்கில் வந்து, இந்தியப் பாணி என்று டில்லிப் பக்கத்து டோமைத் தூக்கி வைத்தார்கள். அந்த மட்டில் உங்கள் கேள்வி நியாயம்.

ஆனால் கட்டினது யார்? 1892-ல் திறந்த ஹைகோர்ட்டின் வரைபடத்தை பிராசிங்டன் ஆரம்பித்து ஹென்றி இர்வின் முடித்தார் என்று புத்தகங்களில் வரும், ஆனால் ஒப்பந்தம் எடுத்துக் கல்லும் செங்கல்லும் சேர்த்து ஆள் வைத்து எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் கட்டினதுதான். ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன் 1920-ல் காலமானது, சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். வரைந்தவன் பெயரை மட்டும் படித்துவிட்டு இது அவன் கட்டடம் என்றால், சாரம் கட்டி ஏறின அத்தனை கொத்தனாரும் கணக்கில் வராமல் போய்விடுவார்கள். மகளை மெட்ராஸ்வரை அனுப்பத் தோதில்லை என்றால் கோவை வேளாண் கல்லூரியின் பழைய செங்கல் கட்டடத்தைக் காட்டுங்க, அதே பாணிதான்.

ஹைகோர்ட் மேலே கலங்கரை விளக்கம் இருந்தது என்கிறார் என் நண்பர். கதை விடுகிறாரா?
(அவினாசி வாசகர்)

நிஜம்தான். 1844-ல் தனித்தூணாகக் கட்டின பழைய கலங்கரை விளக்கம் இன்றும் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்தில் ஹைகோர்ட் அதைவிட உயரமாக எழுந்துவிட்டதால், 1894-ல் விளக்கை அதன் பெரிய டோமுக்கு மாற்றினார்கள். சுமார் 175 அடி உயரம். 1977-ல் மெரினாவில் இப்போதுள்ளது வந்த பிறகுதான் அங்கே அணைத்தார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று இந்த வளாகத்துச் சுவரில் விழுந்தது. அதற்கு ஒரு கல்வெட்டும் உண்டு.

தலைவர்கள் மறைந்தால் உடலை வைக்கிற ராஜாஜி ஹாலை டி.வி.யில்தான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய படிக்கட்டு எதுக்கு? அதன் கதை என்ன?
(சங்ககிரி வாசகர்)

சங்ககிரியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான். 1799-ல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார், கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அந்த வெற்றியையும் பிளாசி வெற்றியையும் கொண்டாடத்தான் இந்த மண்டபம். 1802-ல் முடிந்தது. கட்டச் சொன்ன கவர்னர் எட்வர்டு கிளைவ், பிளாசியில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் மகன். அப்பா ஜெயித்ததையும் தன் காலத்தில் ஜெயித்ததையும் ஒரே கட்டடத்தில் போட்டுக்கொண்டார்! வரைந்தவர் ஜான் கோல்டிங்ஹாம், மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கிரேக்கக் கோயில் மாதிரி உயரமான பீடம், சுற்றித் தூண்கள், முன்னால் அகலமாக இறங்கும் படிகள். கவர்னர் விருந்துக்கு வருகிறவர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏற வேண்டும், அதுதான் நோக்கம். மண்டபம் முடிந்து மூன்று வருஷத்தில், 1805-ல், உங்கள் ஊர் மலைக்கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டார்கள்.

விருந்துக் கூடமாக இருந்த அதே படிகளில்தான் பிறகு அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று ஒவ்வொருவருக்கும் சனம் வரிசையில் நின்றது.

எல்.ஐ.சி. கட்டடம் இப்போதும் பார்க்கத் தகுந்ததா?
(கரூர் வாசகர்)

1959-ல் 14 மாடி என்பது ஊரே வேடிக்கை பார்க்க வந்த விஷயம். இன்று அதைவிட உயரமானவை எத்தனையோ வந்துவிட்டன. மவுண்ட் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் போதும்.

சட்டசபை நடக்கிற கோட்டையில் என்ன விசேஷம்? அதை விட்டுப் புதுசாகக் கட்டினது என்ன ஆச்சு?
(தாராபுரம் வாசகர்)

1640-ல் கம்பெனி கட்டத் தொடங்கின கோட்டை அது. தலைமைச் செயலகத்தின் முகப்பில் கறுப்புத் தூண்கள் நிற்குமே, அவை பல்லாவரம் பக்கத்துக் கல். சார்னோகைட் என்ற பெயர் அந்தக் கல்லுக்கு வந்தது கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறையால், அதுவும் இங்கிருந்து போன கல்தான். 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தூண்களைக் கழற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1761-ல் பாண்டிச்சேரி விழுந்த பிறகு திரும்பி வந்தன. உள்ளே 1680-ல் திறந்த செயின்ட் மேரீஸ் சர்ச்சும் இருக்கிறது, பீரங்கிக் குண்டுக்குத் தாங்குகிற மாதிரி வளைவுக் கூரை.

புதுக் கட்டடம் ஓமந்தூரார் தோட்டத்தில், ஜெர்மன் நிறுவனம் வரைந்தது. 2010 மார்ச்சில் திறப்பு விழாவுக்குள் டோம் முடியாமல் சினிமா செட் மாதிரி ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள். 2014-லிருந்து அது பல்நோக்கு மருத்துவமனை. சட்டசபைக்கென்று வரைந்ததில் நோயாளியைப் படுக்க வைப்பது கட்டடக்கலைப்படி கோணல்தான், ஆனாலும் பூட்டிப் போடாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சரி.

எங்க அப்பாரு காலத்துத் தொட்டிகட்டு வீட்டில் சுண்ணாம்புச் சுவர் பொரிந்து கொட்டுகிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?
(பொள்ளாச்சி வாசகர்)

பூசாதீங்க. கோட்டை, சேப்பாக்கம் எல்லாமே சுண்ணாம்பில் நிற்பவைதான், மெட்ராஸில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தார்கள், நம்ம பக்கம் மதுக்கரை மாதிரி இடங்களில் சுண்ணாம்புக்கல். சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலசமகால் 2012-ல் தீப்பிடித்த பிறகு அதையும் சுண்ணாம்புக் கலவையில்தான் சீர் செய்தார்கள். காரணம் இதுதான்: தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்து போகும். சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும், கூடவே செங்கல் தோலும் உரிந்து வரும்.

முதலில் விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்க. டொப்பென்று ஒலிக்கிற இடத்தை மட்டும் கொத்தி எடுத்தால் போதும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்க. மேலே பெயிண்ட் வேண்டாம், வெள்ளை அடித்தால் போதும். கொத்தனார் கலவையைப் பார்த்துவிட்டு, "ஒரு கை சிமெண்ட் போட்டுக்கலாமுங்க, சீக்கிரம் இறுகும்" என்பார். விடாதீங்க.