மந்திரவாதி துப்பறிவாளர் தொடரில் புதுப் பாகம் வரும்போதெல்லாம் பழசை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம், ஆயுசு போதாது. ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' தொடரை வைத்தே சொல்கிறேன். சிகாகோவில் துப்பறியும் தொழில் செய்யும் மந்திரவாதி ஹாரி டிரெஸ்டனின் கதை. 2000-ல் தொடங்கி 2020-க்குள் மட்டும் 17 நாவல்கள்.

இந்த வகைக் கதைகளில் கொலையோ திருட்டோ பெரும்பாலும் அந்தந்தப் புத்தகத்திலேயே தீர்ந்துவிடும். மூன்றாம் பாகத்தில் யாரைப் பிடித்தார்கள் என்பது மறந்துபோனாலும் குடி முழுகிவிடாது. மறக்கக் கூடாதது கொடுக்கல் வாங்கல்தான். யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் வந்து கழுத்தைப் பிடிக்கும். 15-வது நாவல் 'ஸ்கின் கேம்' (2014) அப்படித்தான் ஆரம்பிக்கிறது: தேவதைக் குலத்தின் பனிக்கால ராணி மேப் தன் பழைய கடனைத் தீர்க்க ஹாரியையே அவனுடைய பழைய எதிரி நிக்கோடீமஸிடம் வேலைக்கு அனுப்பிவிடுகிறாள், அதுவும் ஒரு கொள்ளைக்கு!

அந்த நிக்கோடீமஸ் யார் என்று தெரிய முந்தைய பதினாலையும் புரட்ட வேண்டியதில்லை. அவன் முதலில் வருவது 5-வது 'டெத் மாஸ்க்ஸ்' (2003), அப்புறம் 10-வது 'ஸ்மால் ஃபேவர்' (2008). ஐந்தைந்தாக எண்ணி வைத்த மாதிரி இருக்கும். அந்த இரண்டையும் மறுபடி படித்தால் ஸ்கின் கேமுக்கு அநேகமாகப் போதும். அதாவது வரிசையைப் பிடிக்காமல் ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள். புதுப் பாகத்தின் பின்னட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வந்த பழைய புத்தகங்கள் மட்டும்.

சிறுகதைகளைத் தாண்டிப் போகாதீர்கள். 'சைட் ஜாப்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதை, 12-வது நாவலான 'சேஞ்சஸ்' முடிந்த கையோடு ஹாரியின் தோழி மர்ஃபியின் பார்வையில் நடப்பது. 'சேஞ்சஸ்' முடிக்காமல் அதைத் தொட்டீர்களோ, முடிவு அம்பலமாகிவிடும். 'பீஸ் டாக்ஸ்', 'பேட்டில் கிரவுண்ட்' இரண்டும் 2020-ல் இரண்டரை மாத இடைவெளியில் வந்தவை. முதலாவது பாதியில் நின்ற மாதிரிதான் இருக்கும், எனவே சேர்த்தே படித்துவிடுங்கள்.

பெயர் மறந்துவிட்டால் ரசிகர்களின் விக்கிப் பக்கம் மட்டும் வேண்டாம், முதல் பத்தியிலேயே ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் போட்டு உடைத்துவிடுவார்கள். மின்னூல் இருந்தால் பழைய பாகத்தில் அந்தப் பெயரைத் தேடி, முதலில் வரும் இடத்தைப் படியுங்கள். ஆள் எப்படி, ஹாரிக்கும் அவருக்கும் என்ன தகராறு என்பதெல்லாம் அந்த ஒன்றிரண்டு பக்கத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.