பாம்புக் குட்டி புதிதாக வந்திருக்கிறதா? கேள்வி பதில்

கார்ன் ஸ்நேக்கும் பால் பைத்தானும் வளர்க்கிறேன். இரண்டும் விஷமில்லாத பாம்புகள். (பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர்.) வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நேற்றுதான் கார்ன் ஸ்நேக் குட்டி வந்தது. இன்றைக்கே கையில் எடுத்துப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், எச்சத்தை எடுங்கள், அவ்வளவுதான். அதன்பிறகு இரை கொடுங்கள். இரண்டு மூன்று முறை தின்று, கக்காமல் செரித்தால் கையில் எடுக்கலாம். என் முதல் குட்டியை வந்த அன்று சாயங்காலமே எடுத்து வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்தேன். ராத்திரி இரை வைத்தேன், தின்றது. காலையில் பார்த்தால், பாதி கரைந்த எலிக் குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

கேள்வி: என்னுடையதும் கக்கிவிட்டது. பசிக்குமே, உடனே வேறு இரை வைக்கட்டுமா?

பதில்: கூடாது. வயிற்று அமிலம் மேலே வந்ததில் உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். 10 முதல் 14 நாள் வரை தண்ணீர் மட்டும் போதும். அப்புறம் வழக்கத்தைவிடச் சின்ன இரையாகக் கொடுங்கள். கூண்டின் வெப்பத்தையும் பாருங்கள். பாம்பு வெளிச்சூட்டை வைத்துத்தான் செரிக்கும். சூடு போதாவிட்டால் இரை வயிற்றுக்குள்ளேயே அழுகும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 25. கூண்டைச் சூடாக்கும் வெப்ப விரிப்புக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தின்றபின் 48 மணி நேரம் தொடாதீர்கள். மறுபடி கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: எந்நேரமும் ஒளிந்தே கிடக்கிறது. ஏதும் பிரச்சினையா?

பதில்: இல்லை, குட்டி அப்படித்தான் இருக்கும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம் வையுங்கள். உடம்பு சுவரில் உரசுமளவு இறுக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

கேள்வி: கையை நீட்டினாலே கழுத்தை எஸ் எழுத்துபோல வளைத்துக் கொத்த வருகிறது. கையுறை போடலாமா?

பதில்: போட்டால் அதன் அசைவு உங்களுக்குத் தெரியாது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி, பக்கவாட்டில் கொண்டுபோங்கள். முதலில் ஒரு கொக்கியாலோ மடித்த காகிதத்தாலோ நடு உடம்பை லேசாகத் தொடுங்கள், இரை வரவில்லை என்று புரிந்துகொள்ளும். கழுத்து நிமிர்ந்து, நாக்கு நிதானமாக மேலும் கீழும் ஆடுகிறதா? உங்களை மோப்பம் பார்க்கிறது. இப்போது நடு உடம்புக்குக் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்குங்கள். இறுக்கக் கூடாது. முன்னே போனால் அடுத்த கையை நீட்டுங்கள், அதுபாட்டுக்கு ஊரட்டும். முதலில் ஐந்து நிமிடம் போதும். கொத்திவிட்டது என்று பதறிப்போய் உடனே உள்ளே வைக்காதீர்கள், அது அடங்கியதும் வையுங்கள். இந்தக் குட்டி கடித்தால் முள் கீறினமாதிரிதான். சோப்பு போட்டுக் கழுவினால் சரி. கடிக்காவிட்டாலும் எடுக்குமுன் கை கழுவுங்கள், எலி வாசனை இருந்தால் விரல் இரையாகிவிடும். வைத்தபின்னும் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

கேள்வி: கண் வெள்ளையாகிவிட்டது. குருடாகிவிட்டதா?

பதில்: சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை தொட வேண்டாம். உரித்த சட்டையில், கண்களைப் போர்த்தியிருந்த கண்ணாடி போன்ற மூடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பால் பைத்தான் குட்டி மூன்று வாரமாகத் தின்னவில்லை.

பதில்: தினமும் எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று சந்தேகம். எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள், சூடான இடம் 31 முதல் 33 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இரையைக் காட்டாதீர்கள். வாராவாரம் எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: கொஞ்ச நாளில் என்மேல் பாசம் வருமா?

பதில்: வராது. உங்கள் வாசனை பழகிவிடும், பயம் போய்விடும். என்னுடைய பெரிய பாம்பு, எடுக்கும்போதெல்லாம் என் சட்டைக் கைக்குள் நுழைந்து படுத்துக்கொள்கிறது. உள்ளே கதகதப்பாக இருக்கிறதாம்.