அந்தப் பக்கங்களைத் தாண்டலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பொங்கலுக்கு வந்த அண்ணன் அமெரிக்காவிலிருந்து அவளுக்குச் சில படப்புத்தகங்கள் கொண்டுவந்தார். அதில் ஒன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமியின் உண்மைக் கதை. பள்ளிக்குப் போகிற சின்னப் பெண்ணைப் பார்த்துப் பெரியவர்கள் முஷ்டியை உயர்த்திக் கத்துகிறார்கள். ராத்திரி படித்துக் காட்டும்போது அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிட்டேன். அவள் விடவில்லை. திருப்பிக் கொண்டுவந்து, “ஏம்மா எல்லாரும் அந்தப் பாப்பாவத் திட்டறாங்க?” என்கிறாள். தூங்குகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா? இந்த வயதுக்கு முயலும் சிங்கமும் போதாதா? எங்கோ நியூ ஆர்லியன்ஸில் நடந்ததை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? “வேற புக் வாங்கிக் குடு” என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் போட வேண்டாம்.)

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தாண்டிய பக்கத்தை உங்கள் மகள் அதற்கு முன்பே படித்துவிட்டாள். எழுத்துக்கூட்டத் தொடங்கும் வயதில் பிள்ளைகள் படிப்பது படத்தைத்தான். நாம் வரி வரியாக வாசித்துக்கொண்டிருப்போம், அவர்கள் கண்ணோ படத்தின் மூலையில் நிற்கிற ஒருவனின் முகத்தில் இருக்கும். எனவே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி நீங்கள் சொல்லாமல் விட்டால், அம்மாவிடம் கேட்கக் கூடாத விஷயம் இது என்று மட்டும் எடுத்துக்கொள்வாள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1960 நவம்பர் 14 அன்று ஃபெடரல் மார்ஷல்கள் எனும் மத்திய அரசுக் காவலர்கள் துணையுடன், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃப்ரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்தபோது ரூபிக்கும் ஆறு வயதுதான். வாசலில் தடுப்புக்கு அப்பால் கூட்டமும் கூச்சலும். அதைப் பார்த்து மார்டி க்ரா என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது அந்த ஊரின் தெருத் திருவிழா. கூட்டம் கூடுவார்கள், கத்துவார்கள், எதையாவது வீசுவார்கள். கூட்டம் போட்ட கோஷம் ‘ரெண்டு, நாலு, ஆறு, எட்டு’ என்று தொடங்கி சந்தத்தோடு இருந்ததால், வீட்டுக்கு வந்து தோழியோடு கயிறு தாண்டும்போது அதையே பாட்டாகப் பாடியிருக்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு இவர்கள் சேர்ந்து படிக்கக் கூடாது என்பதுதான் அதன் அடுத்த வரி. ஆறு வயதுக்கு அது எங்கே புரியும்?

வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, வருடத்தின் பெரும்பகுதி ரூபி ஒருத்திக்கு மட்டும் பாடம் நடத்தினார். மதியச் சாப்பாடும் தனியாகத்தான். வீட்டில் கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சை அவள் தின்னாமல் வகுப்பு அலமாரிக்குள் ஒளித்துவைத்தாள், பாலைப் பசை ஜாடியில் ஊற்றினாள். சாப்பிடாமல் இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு சாப்பாட்டுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளாக ஒரு கணக்கு. எலியும் கரப்பானும் வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. வளர்ந்த பிறகு இதையெல்லாம் ரூபியே எழுதியிருக்கிறார்.

இந்த சாண்ட்விச்சை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். நீதிமன்றம், சட்டம், இனப் பாகுபாடு எல்லாம் அவளுக்கு எட்டாமல் போகலாம். யாருமே கூட உட்காராத மதியச் சாப்பாடு என்றால் என்ன என்று ஒன்றாம் வகுப்புக்காரிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உண்மைக் கதை எழுதுகிறவர்கள் தேட வேண்டியது இப்படிப்பட்ட இடங்களைத்தான். பெரியவர்களின் வரலாற்றைச் சுருக்கி, சுலபமான வார்த்தையில் எழுதி, பக்கத்துக்கு ஒரு படம் போடுவதைப் படப்புத்தகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நம் ஊரில் வருகிற ‘மகான்கள் வரிசை’ நூல்களில் பலவும் அந்த ரகம்.

பயந்துகொண்டு பூசி மெழுகினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில் ஹெர்குலிஸ் என்ற அடிமை சமையற்காரராக இருந்தார், கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அதிபரின் பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரை இல்லை, அவரும் மகளும் என்ன செய்தார்கள் என்று அவரை வைத்து ஒரு படப்புத்தகத்தை 2016 ஜனவரியில் ஸ்கொலாஸ்டிக் வெளியிட்டது. படங்களில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். கண்டனம் கிளம்பியதும் அதே மாதத்தில் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளன்றே, அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பி ஓடியவர். ஓடியதைப் புத்தகத்தின் பின்குறிப்பில் சொல்லியிருந்தார்கள். பின்குறிப்பை எந்தப் பிள்ளை படிக்கிறது?

பிற்பாடு பிரான்ஸுக்கு மன்னரான லூயி பிலிப் அந்த வருடம் ஏப்ரலில் மவுண்ட் வெர்னனுக்கு வந்திருந்தார். ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம் லூயி பிலிப்பின் வேலையாள், அப்பாவை இனிமேல் பார்க்க முடியாதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டிருக்கிறான். இல்லை, சந்தோஷமாக இருக்கிறது, அப்பாவுக்கு இப்போது விடுதலை கிடைத்துவிட்டதே என்றாளாம். லூயி பிலிப்பின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. ஒரு படப்புத்தகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் இப்படி ஒரு பிள்ளையின் பேச்சு இருக்க, கேக்குக்குச் சர்க்கரை தேடப் போனார்கள்.

‘எங்கோ நடந்தது’ என்கிறீர்கள். 1901 வாக்கில் சதாராவிலிருந்து அண்ணனோடும் அக்கா மகனோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் கிளம்பிய பையனுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆளைக் காணோம். என்ன ஜாதி என்று தெரிந்ததும் வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கொடுக்கத்தான் வழியில் ஒருவரும் இல்லை. அந்தப் பையன் அம்பேத்கர். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியத் தம்பதி இதை ‘பீமாயணா’ என்ற சித்திரக்கதை நூலில் வரைந்திருக்கிறார்கள். அதில் இதமாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவக் குமிழில் வரும், சுடுசொல் பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கான புத்தகம்தான், ஆனால் அந்தத் தேளை உங்கள் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. ரூபியை இன்று தெரிந்துகொள்கிறவள், இந்த வண்டிப் பயணம் வரும்போது தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வாள்.

முயலும் சிங்கமும் பற்றி ஒரு வார்த்தை. தினம் ஒரு மிருகம் தானே நடந்துபோய் இரையாகிறது, முடிவில் சிங்கம் கிணற்றில் விழுந்து சாகிறது. இதை நாம் பயமில்லாமல் தூக்கத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்!

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வேறு புத்தகமும் வாங்குங்கள், இதைப் பிடுங்காமல். கறுப்பினக் குழந்தை புத்தகத்தில் வந்தாலே அவளைத் திட்ட ஒரு கூட்டம் நிற்க வேண்டுமா என்ன? எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோவி டே’ 1962இல் வந்தது. பீட்டர் என்ற கறுப்பினப் பையன் சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு பனியில் விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது கரைந்துபோகிறது. அவ்வளவுதான் கதை. நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கீட்ஸ் போலந்திலிருந்து புரூக்ளினுக்கு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. நியூயார்க் பொது நூலகத்தின் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் அதுதான் என்று 2020இல் அறிவித்தார்கள். நம்மிடம் தலித் பிள்ளையோ இருளர் பிள்ளையோ இப்படி வெறுமனே மழையில் நனைகிற புத்தகம் எத்தனை இருக்கிறது என்று கடையில் தேடிப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள். சாதனை பற்றித்தான் வேண்டுமென்றால், சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட துலாரி தேவியின் கதை இருக்கிறது. பீகாரில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வேலை செய்த இடத்தில் மதுபனி ஓவியம் பழகியவர். அவர் கதைக்குப் படமும் அவரே வரைந்தார். 2021இல் பத்மஸ்ரீ வந்தது.

இனி உங்கள் மகளின் கேள்வி. “அவங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு இந்தப் பாப்பா வரக் கூடாதுன்னு கத்தறாங்க. இவ கறுப்பா இருக்கான்னு. அது தப்பு.” இவ்வளவு போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே வேண்டுமென்றால் அவளே கேட்பாள், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். ‘இங்கேயும் அப்படி நடக்குமா’ என்று கேட்டால் ‘நடக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி தூங்குகிற நேரம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ரூபியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ராத்திரிக்குப் பீட்டர் சரியாக இருப்பான்.

அன்புடன்.